காவலும் கண்காணிப்பும்



எங்கள் ஊர்க் கூட்டுறவுச் சங்கத்தின் நிருவாகக் குழுவில் நானும் ஓர் உறுப்பினன். சங்கத்துக்கு ஒரு பெரிய கடையும், அதன் பின்புறத்தில் அரிசி, மா, சீனி முதலியவற்றை அடுக்கிவைக்கும் ஒரு பண்டகசாலையும் உண்டு. சில மாதங்களாக இருப்புக் கணக்கில் தொடர்ந்து குறை காணப்பட்டமையால், கண்காணிப்புக் கமராக்கள் பொருத்துவதெனக் குழுவிலே தீர்மானமாயிற்று. மூன்று கொம்பனிகள் விலை எழுதி அனுப்பின. அவற்றுள் ஒன்று, எட்டுக் கமராக்களின் இடங்களைக் குறித்த வரைபடமொன்றையும் இணைத்திருந்தது. கலைப் பட்டதாரியாகிய எனக்கு மின்னியற் கருவிகளைப் பற்றித் தெரிந்தது சொற்பமே. ஆயினும், பாடசாலை அதிபரானவர் எதையும் படித்துப் பார்த்துச் சொல்லிவிடுவார் என்ற நம்பிக்கை எங்கள் ஊரவர்க்கு இன்னும் இருக்கின்றது. படம் என் கையிலே தரப்பட்டது.

அந்த எட்டில் ஐந்து, கடையில் வேலை செய்யும் பெண்பிள்ளைகள் நிற்கும் இடங்களை நோக்கியிருந்தன. அந்த ஐந்திலும் ஒன்று, அவர்கள் மத்தியான உணவு உண்ணும் சிறிய அறையின் வாயிலுக்கு நேரே இருந்தது. இரண்டு முன்வாயிலுக்கும், ஒன்று தெருவுக்கும் குறிக்கப்பட்டிருந்தன. லொறிகள் வந்து மூட்டை இறக்கும் பின்வாயிலுக்கு ஒன்றேனும் இல்லை. வரலாறு கற்பித்தே முப்பது ஆண்டுகளைக் கழித்தவனாதலால், அப்படத்தைக் கண்டதும் எனக்கு இற்றைக்கு 220 ஆண்டுகளுக்கும் முந்திய இலண்டன் துறைமுகம் நினைவுக்கு வந்தது. அந்த நினைவையே இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகின்றேன்.

அதற்கு முன் ஒரு சொல். தமிழிலே காவல் என்றும் கண்காணிப்பு என்றும் இரு சொற்கள் உள. காவல் பெரும்பாலும் பொருளைச் சார்ந்தது: வயலுக்குக் காவல், களத்துக்குக் காவல், கோயில் நகைக்குக் காவல். கண்காணிப்பு ஆளைச் சார்ந்தது. கண்காணி என்ற சொல்லே மருவிக் கங்காணி ஆயிற்று. மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தில் கங்காணிக்குரிய வேலை, தேயிலைக் கொழுந்தைக் களவு போகாமற் காப்பதன்று; கொழுந்து பறிக்கும் கைகளைப் பார்த்துக்கொண்டிருப்பதே. வணிக நிலையங்களைக் காத்த முறைகளின் வரலாற்றை நோக்குவோமாயின், காவல் வேண்டுமென்று தொடங்கப்பட்டவை பல, கங்காணி வேலையாய் முடிந்தமையைக் காணலாம்.

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் இலண்டன் மாநகரின் தேம்ஸ் நதி கப்பல்களால் நிறைந்து கிடந்தது. மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து சீனியும் றம் என்னும் மதுவும் கோப்பியும் வந்து குவிந்தன. சட்டப்படி சரக்கிறக்கத்தக்க துறைகளோ மிகச் சில. ஆதலால் கப்பல்கள் நடு ஆற்றில் நாட்கணக்காக, சிலவேளை வாரக்கணக்காக நங்கூரமிட்டு நிற்க, சரக்கு சிறு படகுகளுக்கு மாற்றப்பட்டுக் கரை சேர்ந்தது. ஒரு மிடாச் சீனி, கப்பலிலிருந்து வணிகனின் பண்டகசாலையை அடையுமுன் எத்தனையோ கைகளைக் கடந்தது. ஒவ்வொரு கையிலும் சிறிது ஒட்டிக்கொண்டது. இதிலே களவு எது, வழமை எது என்று பிரிப்பது எளிதன்று. மிடா உடைந்து தளத்திலே சிந்திய சீனியைக் கூட்டியெடுத்துக்கொள்வது சரக்கிறக்குவோரின் பழைய உரிமையாகக் கருதப்பட்டது. கூலி குறைவாயிருந்தமைக்கு அது ஈடாகவும் இருந்தது. ஆனால் மிடா தானாக உடைந்ததா, உடைக்கப்பட்டதா என்பது உடைத்தவனுக்கே வெளிச்சம்!

இவ்வேளையிலே பற்றிக் கொல்கூன் என்னும் ஸ்கொத்லாந்து நாட்டவர் இலண்டனில் நீதவானாக இருந்தார். வணிகராய்ப் பொருளீட்டி, கிளாஸ்கோ நகரின் தலைமைப் பதவியையும் வகித்த இவர், எதையும் எண்ணிக் கணக்கிடுவதிற் பெருவிருப்புடையவர். ஆற்றுத் தொழில்களில் ஏறத்தாழ 33,000 பேர் ஈடுபட்டிருப்பதாகவும், அவர்களுள் 11,000 பேர் களவிலே பழகியவர்கள் என்றும் அவர் எழுதினார். மூவரில் ஒருவர் கள்வர்! இந்த எண்ணை அவர் எவ்வாறு பெற்றார் என்று கேட்பது வரலாற்று மாணவனின் கடமை. எந்த ஆற்றங்கரையிலும் கள்வர்கள் தம்மைப் பதிவு செய்துகொள்வதில்லை. ஆயினும் எண் ஒன்று அச்சேறிவிட்டால் அதற்கு ஒரு வல்லமை வந்துவிடுகின்றது. ஜோன் ஹரியற் என்னும் பழைய கடலோடி வகுத்த திட்டமொன்றும் கொல்கூனின் கைக்கு வந்தது. மேற்கிந்திய வணிகரும் தோட்டத் துரைமாரும் பணம் கொடுத்தனர். 1798 யூலை 2 ஆம் நாள், வொப்பிங் என்னுமிடத்தில் தேம்ஸ் நதிப் பொலிஸ் நிலையம் திறக்கப்பட்டது.

அத்திட்டத்தின் அமைப்பைச் சற்றுக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். படகுகளில் இராப்பகலாக ரோந்து சுற்றுவோர் ஒருபுறம், அது காவல். சரக்கிறக்குவோரின் பெயர்களைப் பதிந்து, கூலியையும் தன் கையாலேயே வழங்கி, வேலை முடிந்து வெளியேறும்போது அவர்களைச் சோதிக்கும் பகுதி மற்றொருபுறம், அது கண்காணிப்பு. பழைய வழமை ஒரே நாளிற் குற்றமாயிற்று. அதே ஆண்டு ஒக்டோபர் 16 ஆம் நாள், கரி எடுத்தமைக்காகச் சிலர் தண்டம் விதிக்கப்பட்டபோது, ஏறத்தாழ 2,000 பேர் திரண்டு நிலையத்தைக் கல்லெறிந்து தாக்கினர். இருபக்கத்திலும் உயிர்ச்சேதம் ஏற்பட்டது. பொலிசார் பக்கத்தில் விழுந்தவர் கேப்ரியல் பிராங்ஸ் என்பவர்.

முதல் ஆண்டில் 4,200 பவுண் செலவிட்டு 1,22,000 பவுண் பெறுமதியான சரக்கைக் காப்பாற்றியதாகக் கணக்குக் காட்டப்பட்டது. 1800 இல் பாராளுமன்றம் சட்டமியற்றி அந்நிலையத்தை அரசாங்கத்தின் பொறுப்பிற் கொண்டுவந்தது. அச்சட்டத்தின் வரைவிலே கொல்கூனுக்குத் துணைநின்றவர் தத்துவ ஞானி ஜெரமி பென்தம். அவரைப் பற்றிப் பின்னர் கூறுவேன்.

ஆற்றில் ரோந்து போதாதென்று வணிகர்கள் அடுத்துச் செய்த காரியம் இன்னும் பெரிது. இலண்டனின் கிழக்கே, நாய்த்தீவு எனப்படும் பகுதியில் மேற்கிந்தியக் கப்பற்றுறைகளைக் கட்டினர். 1802 ஓகஸ்ட் 27 ஆம் நாள் அவை திறக்கப்பட்டன. வணிக நிலையமொன்றின் பாதுகாப்பை, முதலாவது கல்லை நாட்டுமுன்னரே படத்திலே வகுத்துக்கொண்டமைக்கு இதனினும் சிறந்த உதாரணத்தை நான் அறியேன். இறக்குமதிக்கு ஒரு துறை, ஏற்றுமதிக்கு வேறொரு துறை. உள்ளே வரும் பொருளும் வெளியே போகும் பொருளும் ஒன்றோடொன்று கலவா. சுற்றிலும் 20 அடி உயரமான செங்கல் மதில். அதற்கும் அப்பால் 12 அடி அகலமான அகழி. சரக்கு கப்பலிலிருந்து நேரே பூட்டிய பண்டகசாலைக்குள் செல்லும். எத்தனை கைகளைப் பொருள் கடந்ததோ அத்தனை கைகளும் குறைக்கப்பட்டன. களவு குறைந்தது உண்மை. நல்ல காவலின் இலக்கணத்தை அக்கட்டிடங்களிற் கற்கலாம். அவற்றுட் சில இன்றும் நிற்கின்றன. ஒரு பண்டகசாலையில் 2003 முதல் நூதனசாலை ஒன்று இயங்கி வருகின்றது.

ஆனால் அந்த நூதனசாலையின் முன்றிலிலே நின்ற சிலையொன்று 2020 யூன் மாதத்தில் அகற்றப்பட்டது. அக்கப்பற்றுறைகளை உருவாக்குவதில் முன்னின்ற றொபேட் மில்லிகனின் சிலை அது. 1809 இல் அவர் இறந்தபோது யமேய்க்காத் தீவிலே 526 அடிமைகள் அவருடைய உடைமையாய் இருந்தனர். மதிலுக்குள்ளே பத்திரமாக அடுக்கப்பட்ட சீனி முழுவதும் அடிமைகளின் உழைப்பு. கைப்பிடிச் சீனியை மடியிற் கட்டிச் சென்ற கூலியாளைச் சோதித்த கண், அச்சீனி எங்கிருந்து வந்தது என்று பார்க்கவில்லை. காவலின் திட்டத்தை வகுப்பவனே எது களவு என்பதையும் வகுத்துவிடுகின்றான்.

இனிப் பென்தம். எந்நேரமும் பார்க்கத்தக்க வட்டச் சிறைச்சாலையின் திட்டத்தை வெளியிட்டவர் என்றே அவரைப் பலரும் அறிவர். நடுவிலே ஒரு கோபுரம், சுற்றிலும் அறைகள். கோபுரத்திலிருப்பவன் எல்லோரையும் காண்பான். அவனை எவரும் காணார். கோபுரத்தில் ஆளே இல்லாவிடினும் அறைகளில் உள்ளோர் ஒழுங்காய் நடப்பர் என்பது கருத்து. பலரும் அறியாதது என்னவெனில், இவ்வெண்ணம் சிறைச்சாலையிலே தோன்றியதன்று. ஜெரமியின் தம்பி சாமுவேல் பென்தம், உருசியப் பிரபு பொத்தெம்கினின் பெருநிலத்திலே, இன்று பெலருஸ் நாட்டில் உள்ள கிறிச்செவ் என்ற ஊரில், கப்பல் கட்டுதல் முதலிய தொழில்களை மேற்பார்த்து வந்தார். தொழிலாளர் பலரை ஒரு சிலரால் எவ்வாறு மேய்ப்பது என்பதே அவருடைய சிக்கல். அங்கே தம்பியைக் காணச் சென்ற ஜெரமி, 1787 இல் அங்கிருந்தே கடிதங்களாக இத்திட்டத்தை எழுதினார். 1791 இல் நூலாயிற்று. ஆகவே இதன் பிறப்பிடம் தொழிற்சாலை. சிறைச்சாலை பிற்பாடு வந்து சேர்ந்தது. இங்கிலாந்து அரசாங்கம் அவருக்குக் காணி வரை கொடுத்தும் அவர் விரும்பியவாறு அச்சிறை கட்டப்படவேயில்லை. கட்டத் தேவையும் இல்லாது போயிற்று என்று இன்று சொல்லத் தோன்றுகின்றது. கடைக் கூரையின் மூலையிலே தொங்கும் கரிய கண்ணாடிக் குமிழைப் பாருங்கள். அதன் உள்ளே கமரா எத்திசையை நோக்குகின்றது என்பதைக் கீழே நிற்பவர் அறியமாட்டார். அதற்காகவே அது கரியது.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே மின்சாரம் வந்தது. 1853 இல் அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலத்தில், அகஸ்தஸ் போப் என்னும் கிறித்தவ குருவானவர், கதவோ யன்னலோ திறந்தால் மணியடிக்கும் மின்கருவிக்கு உரிமம் பெற்றார். அவ்வுரிமையை எட்வின் ஹோம்ஸ் என்ற வணிகர் வாங்கிப் பெருந்தொழிலாக வளர்த்தார். இது முற்றிலும் காவலே. மணி எவரையும் பார்ப்பதில்லை. கதவை மட்டுமே அறியும்.

மூடுசுற்றுத் தொலைக்காட்சியின் தொடக்கமும் இவ்வாறே ஆட்களைப் பற்றியதன்று. 1942 இல் ஜேர்மனியின் பீனமுண்டே என்னுமிடத்தில், பின்னர் வி-2 எனப் பெயர் பெற்ற றொக்கற் பரீட்சிக்கப்பட்டபோது, அது கிளம்புவதை அருகே நின்று பார்த்தல் உயிருக்கு ஆபத்தாயிருந்தது. வோல்ற்றர் புறூக் என்ற பொறியியலாளர் அமைத்த தொலைக்காட்சிக் கமராவினால், தூரத்துக் கட்டிடத்திலிருந்தே அதனைக் கண்டனர். மனிதன் நிற்கக்கூடாத இடத்திலே ஒரு கண்ணை நிறுத்தும் பொருட்டுப் பிறந்தது இக்கருவி. மனிதன் நிற்கும் இடத்திலே அவனைப் பார்ப்பதற்கு அது பயன்பட்டது பின்னரே.

வங்கிகள் முதலிற் பயன்படுத்தியது தொலைக்காட்சியன்று, சாதாரணத் திரைப்படக் கமராவே. 1957 ஏப்பிரல் மாதத்தில் அமெரிக்காவின் கிளீவ்லண்ட் நகரத்துச் சேமிப்பு வங்கியொன்றைக் கொள்ளையிட்டோர், மறைத்துவைத்திருந்த கமராவிற் பதிவாயினர். படச்சுருள் தொலைக்காட்சியிற் காட்டப்பட, சில நாட்களுக்குள் அகப்பட்டனர். அச்செய்தி நாடெங்கும் பரவியது. கொள்ளையைத் தடுக்காவிட்டாலும் கொள்ளையனைக் காட்டிக்கொடுக்கும் என்ற எண்ணம் அன்று வேரூன்றியது. இதனோடு ஒப்பிட வேண்டிய வேறொரு நிகழ்ச்சி உண்டு. நியூயோர்க் நகரின் குவீன்ஸ் பகுதியில் மேரி வான் பிரித்தன் பிறவுண் என்ற கறுப்பினத் தாதி வாழ்ந்தார். இரவில் தனியே இருக்கும் வேளைகளில் அழைத்தாலும் பொலிசார் விரைந்து வருவதில்லை. அவரும் கணவருமாக, கதவின் நான்கு துளைகளில் ஏறியிறங்கிப் பார்க்கும் கமராவையும், உள்ளே படம் காட்டும் திரையையும், கதவைத் தூரத்திலிருந்தே திறக்கும் பொறியையும் சேர்த்து ஒரு திட்டம் வரைந்தனர். 1966 இல் விண்ணப்பித்து 1969 டிசெம்பர் 2 ஆம் நாள் உரிமம் பெற்றனர். பார்க்கப்படுபவர் பக்கத்திலிருந்து அன்றி, அஞ்சி நிற்பவர் பக்கத்திலிருந்து வரையப்பட்ட திட்டம் அது. எது பெறுமதியானது, ஆபத்து எந்த வழியால் வரும், கண்டபின் என் செய்வது என்ற மூன்று வினாக்களுக்கும் அதிலே விடை இருந்தது.

அதன்பின் கருவிகள் விரைந்து மலிந்தன. ஒளிநாடாவில் பதியும் பொறிகள் 1970களிற் கடைகளுக்கு வந்தன. ஒரே நாடாவிலே திரும்பத் திரும்பப் பதிந்து படங்கள் தேய்ந்து மங்கின. 1969 இல் பெல் ஆய்வுகூடத்திற் கண்டறியப்பட்ட ஒளியுணர் சில்லு, கமராவைக் கைக்குள் அடங்கச் செய்தது. 1996 இல் கணினி வலையமைப்போடு நேரே இணையும் கமரா விற்பனைக்கு வந்தது. இன்று அரிசி மூட்டைகள் சிலவற்றின் விலைக்கு ஒரு கமரா வாங்கலாம்.

மலிவானதும் மனிதர் சிந்திப்பதை விட்டனர். இங்கிலாந்தின் உள்நாட்டு அலுவலகத்துப் பொறியியலாளர்கள் இதனைக் கண்டே, கமரா வாங்குமுன் தேவையை எழுத்தில் வரையுங்கள் என்று வணிகருக்கும் நகரசபைகளுக்கும் வலியுறுத்தினர். அவர்கள் வகுத்த அளவுகோல் மிக எளிது. திரையின் உயரத்திலே மனித உருவம் 5 வீதம் இருந்தால் கூட்டத்தின் அசைவு தெரியும். 10 வீதமாயின் ஓர் ஆள் நிற்பது தெரியும். 50 வீதமாயின் முன்பே அறிந்தவரை அடையாளம் காணலாம். முன்பின் அறியாத ஒருவரை ஐயமின்றி இன்னாரென்று நிறுவ, உருவம் திரையையும் மிஞ்சி 120 வீதமாதல் வேண்டும். இன்றைய எண்ணியற் கமராக்களுக்கு இக்கணக்கை மீற்றருக்கு இத்தனை படப்புள்ளிகள் என்று எழுதுவர்: ஆள் நிற்பதை அறிய 25, அறிந்தவரை இனங்காண 125, அறியாதவரை நிறுவ 250. இதன் பொருள் யாது? அகலத்தில் 1,920 படப்புள்ளிகள் கொண்ட கமரா ஒன்று, அறியாத ஒருவரை நிறுவத்தக்க தெளிவோடு பார்க்கும் அகலம் ஏழரை மீற்றருக்குச் சற்று மேல். அவ்வளவே. முப்பது மீற்றர் முற்றத்தை அதே கமராவிடம் ஒப்படைத்தால், மீற்றருக்கு 64 புள்ளிகளே கிடைக்கும். வந்தது ஓர் ஆள் என்பதற்குமேல் அது அதிகம் கூறாது.

1993 பெப்ரவரி 12 ஆம் நாள் இங்கிலாந்தின் பூட்டில் என்ற ஊரின் அங்காடித் தொகுதி ஒன்றிலே, தாயின் கையை விட்டு விலகிய இரண்டு வயதுக் குழந்தையை இரு சிறுவர்கள் கைபிடித்து அழைத்துச் சென்றனர். நேரம் பிற்பகல் 3 மணி 42 நிமிடம் என்று கமராவிலே பதிவாகியிருந்தது. அந்த நிமிடத்தில் அக்காட்சியின் பொருளை உணர்ந்தவர் எவருமில்லை. குழந்தை கொலையுண்டது. மங்கலான அந்தப் படத்தை நாடே கண்டு கலங்கியது. அழைத்துச் சென்றோர் சிறுவர்கள் என்பதையும் அப்படமே காட்டியது. விளைவாகப் பிரித்தானியாவில் கமராக்கள் மேன்மேலும் பெருகின. குற்றத் தடுப்புப் பணத்தின் பெரும்பகுதி அவற்றுக்கே சென்றது. பிற்காலத்தில், 2019 இல், நாற்பது ஆண்டுகால ஆய்வுகளைத் தொகுத்து நோக்கிய அறிஞர்கள், கமராக்களாற் குற்றம் ஏறத்தாழ 13 வீதம் குறைந்ததாகக் கண்டனர். வாகனத் தரிப்பிடங்களிலேதான் பயன் மிகுதி. ஒருவர் இருந்து பார்த்துக்கொண்டிருந்த இடங்களிலும் பயன் கூடுதலாயிருந்தது. பதிவதற்கும் பார்ப்பதற்கும் உள்ள வேறுபாடு அது.

இலண்டனில் ஹற்றன் கார்டன் என்றொரு தெரு உண்டு. எமது மலைநாட்டு ஹற்றன் அன்று. இது வைர வணிகரின் தெரு. 2015 ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறு விடுமுறையில், பெரும்பாலும் முதியவர்களைக் கொண்ட ஒரு கூட்டம், அங்குள்ள பாதுகாப்புப் பெட்டக நிலையத்துள் மின்தூக்கிக் குழி வழியாய் இறங்கி, அரை மீற்றர் கொங்கிறீற்றுச் சுவரைத் துளைத்துப் பெட்டகங்களை உடைத்தது. எச்சரிக்கை மணி அடித்தது! காவலாள் ஒருவர் வந்து, வெளியிலிருந்து பார்த்து, குழப்பமெதுவும் காணாது திரும்பினார். பொலிசாரும் வரவில்லை. கள்வர்கள் இடையிலே வேலையை நிறுத்திப் போய், மற்றொரு நாள் இரவு வந்து முடித்தனர். கமராக்களின் பதிவுப் பெட்டியையும் மறவாமற் கழற்றிச் சென்றனர். எனினும் அவர்கள் காணாத ஒரு கமரா எஞ்சியிருந்தது. அதிலிருந்தும் வீதிக் கமராக்களிலிருந்தும் பொலிசார் அவர்களைத் தொடர்ந்தனர்.

மிக அண்மையிலே, 2025 ஒக்டோபர் 19 ஆம் நாள் காலை, பாரிஸ் நகரத்து லூவர் நூதனசாலையின் மாடத்துக்கு, தளபாடம் ஏற்றும் ஏணி பொருத்திய லொறியின் உதவியால் ஏறி, அரச ஆபரணங்களைச் சில நிமிடங்களில் அள்ளிச் சென்றனர். அதன் தலைவர் சில நாட்களின் பின் பிரான்சிய செனற் சபையிற் கூறியது யாதெனில், அப்பக்கத்து வெளிச்சுவரில் இருந்த ஒரேயொரு கமரா மேற்கு நோக்கியிருந்தது. அந்த மாடம் அதன் பார்வைக்குட் படவில்லை. உலகப் பிரசித்தி பெற்ற மாளிகைக்கே இந்தக் கதியென்றால், எங்கள் ஊர்ப் பண்டகசாலையின் பின்வாயிலைப் பற்றி என்ன சொல்ல!

ஆகையால் நான் படத்தைச் சுருட்டிக்கொண்டு, ஒருநாள் மாலை கடையைச் சுற்றி நடந்தேன். பின்புறம் இருளாய்க் கிடந்தது. இராக்காவல் செய்யும் முதியவர் கைவிளக்கோடு வந்து, "சேர், அந்த விளக்குப் பழுதாகி எட்டு மாதம். எழுதிக் கொடுத்தும் ஒருவரும் பார்க்கவில்லை" என்றார். லொறி எப்போது வரும் என்று கேட்டேன். பெரும்பாலும் பொழுது பட்ட பின்புதான் என்றார். மூட்டைகளை நிறுத்து எடுப்பார்களா என்று கேட்டேன். எண்ணி எடுப்பார்கள் என்றார்.

எங்கள் பாடசாலைக் கணித ஆசிரியர் எனக்காக இன்னொரு கணக்கையும் செய்து தந்தார். எட்டுக் கமராக்களும் செக்கனுக்கு நான்கு மெகாபிட் வீதம் இடைவிடாது பதிந்தால், நாளொன்றுக்கு ஏறத்தாழ 345 கிகாபைட் நிரம்பும். கொம்பனி தருவதாக எழுதியிருந்த பதிவுத் தட்டு 2 டெராபைட். ஆறாம் நாள் முடியுமுன்னரே பழைய படங்கள் அழியத் தொடங்கும். எங்கள் சங்கத்திலோ இருப்பு எடுப்பது மாதம் ஒருமுறை. குறை தெரியவரும் வேளையில், குறை நேர்ந்த நாளின் படம் இராது. மின்வெட்டைப் பற்றியும் அந்தத் திட்டத்தில் ஒரு வார்த்தை இல்லை. 2022 ஆம் ஆண்டிலே நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை இருளில் இருந்த நாடு இது.

குழுக் கூட்டத்திலே இவற்றை எடுத்துரைத்தேன். சிலருக்கு மனமில்லை. "பிள்ளைகளைப் பார்க்காமல் பின்வாயிலைப் பார்த்து என்ன பயன்?" என்று ஒருவர் கேட்டார். இரண்டு மாதத்துக்குப் பின்வாயிலிலே தராசு ஒன்றை வைத்து, இறக்கும் மூட்டை ஒவ்வொன்றையும் நிறுத்துப் பார்ப்பதென்று கடைசியில் இணங்கினர். முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது. ஐம்பது கிலோ என்று கையெழுத்திட்டு ஏற்ற மூட்டைகள் பல, நாற்பத்தெட்டும் நாற்பத்தேழுமாக இருந்தன. குறை எங்கள் வாசலுக்கு வருமுன்னரே நேர்ந்திருந்தது.

இப்பொழுது நான்கு கமராக்கள் இருக்கின்றன. இரண்டு பின்வாயிலில், ஒன்று முன்வாயிலில், ஒன்று காசுப் பெட்டியின்மேல். உணவறை வாயிலுக்கு ஒன்றுமில்லை. பதிவுப் பெட்டி பூட்டிய அறையில் இருக்கின்றது. அதைத் திறந்து பார்ப்பதற்கு இருவர் சேர்ந்து கையொப்பமிட வேண்டும். பின்புறத்து விளக்கும் எரிகின்றது.

ஆனால் இருப்பிலே குறை என்று முதலிற் பேச்செழுந்த நாட்களில், சீனி நிறுத்துக் கொடுக்கும் இடத்தில் நின்ற பெண்பிள்ளை ஒருத்தி, எல்லோரும் தன் கையையே பார்க்கிறார்கள் என்று சொல்லி வேலையை விட்டுச் சென்றுவிட்டாள். என்னிடம் படித்தவள். தராசின் முடிவு தெரிந்த பின் குழுவின் சார்பில் அவளுக்கு நானே கடிதம் எழுதினேன். இரண்டாவது கடிதத்தை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தேன். தாயார் வாங்கி வைத்துக்கொண்டார். அவள் இன்னும் வேலைக்குத் திரும்பவில்லை.